குழுக் கடனுக்கு அடையாள அட்டை கொடுத்தவர்கள் கவனம்

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் நிதி நிறுவனங்களில் குழுக் கடன் எடுத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாக வாசியுங்கள். உங்கள் கடன் விவரத்தை ஒன்றுவிடாமல் ஒப்புவித்துவிட்டு, "வட்டிக் குறைப்பு வந்திருக்கும்மா, போனுக்கு வர்ற நம்பரைச் சொல்லுங்க" என்று யாராவது கேட்டால் உடனே போனை வைத்துவிடுங்கள். எங்கள் மாமியின் ஒரு மாதக் கொழுந்துச் சம்பளம் இப்படித்தான் போனது.

பணத்தை எடுத்தவன் இன்னும் பிடிபடவில்லை. ஆனால் மாமியின் விவரம் அவன் கைக்கு எங்கிருந்து போனது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அதை மூடி மறைக்கப் பார்த்த நிறுவனத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை.

பேசியவன் நல்ல தமிழில், மரியாதையாகப் பேசியிருக்கிறான். கடன் பாக்கி எவ்வளவு, கூட்டம் எந்தக் கிழமை, மாமிக்குப் பிணை நின்ற இரண்டு அக்காமார் யார் யார், எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறான். கம்பனி ஆளைத் தவிர வேறு யாருக்கு இதெல்லாம் தெரியும்? மாமி நம்பிவிட்டார். அடையாள அட்டை இலக்கமும் வங்கிப் புத்தகக் கொப்பியும் ஏற்கெனவே அவனிடம் இருந்திருக்கின்றன. அதை வைத்து மாமி பெயரில் வங்கியின் செயலியைப் பதிந்திருக்கிறான். அதற்கு வந்த ஓடிபியைத்தான் போனில் கேட்டு வாங்கியிருக்கிறான்.

இன்னொன்று. மாமி இருப்பது தோட்டத்து வரிசை வீடுகளில், 7ஆம் இலக்க லயத்தில். கடன் படிவத்தை நிரப்பிய பொடியன் அதை 17 என்று எழுதிவிட்டான். வங்கியில், தோட்டத்து ஒபிஸில், கிராம சேவகரிடம், எங்கேயும் 7தான். போனில் பேசியவன் சொன்னது 17ஆம் லயம். அந்தப் படிவத்தைப் பார்க்காத எவனாலும் அப்படிச் சொல்ல முடியாது.

கிளைக்குப் போய் இதைக் காட்டினோம். முதலில் "எங்கட சிஸ்டம் சேஃப், நீங்கள்தான் யாரிடமாவது கொடுத்திருப்பீர்கள்" என்றார்கள். 17 என்று எழுதியிருந்த படிவத்தை எடுத்து மேசையில் வைக்கச் சொன்ன பிறகுதான் பேச்சு மாறியது. அங்கே வேலை செய்யும் ஒருவரே உண்மையைச் சொன்னார். கலெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் அடையாள அட்டையையும் படிவத்தையும் சொந்தப் போனில் படம் பிடித்து வட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். வேலையை விட்டுப் போகும்போது போனும் படங்களும் அவர்களோடேயே போய்விடுகின்றன. மாமிக்கு முன்பே வேறு தோட்டங்களிலிருந்து இதே மாதிரி முறைப்பாடு வந்திருக்கிறது. அப்படியென்றால் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தவணை பிந்தினால் அன்றைக்கே மெசேஜ் அனுப்புகிற கம்பனிக்கு, "எங்கள் பெயரில் போன் வந்தால் நம்பாதீர்கள்" என்று தமிழில் ஒரு வரி அனுப்ப முடியாதா? அது வந்திருந்தால் மாமியின் பணம் தப்பியிருக்கும்.

அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒரு கடிதத்தை நீட்டி, "இது சும்மா ஹெட் ஒபிஸுக்கு அனுப்ப, இதில ஒரு சைன் வைங்கம்மா" என்றார்கள். வாங்கி வாசித்தேன். தன் கவனக்குறைவால்தான் பணம் போனது, நிறுவனத்திடம் எதுவும் கோரமாட்டேன் என்று இருந்தது. மாமிக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கையெழுத்து வைக்கவில்லை. உங்களிடமும் நீட்டுவார்கள். வாசித்துப் புரியாத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள், கைநாட்டும் வேண்டாம்.

என்னென்ன விவரம் வெளியே போனது, எப்போது தெரியவந்தது, யாருக்கு அறிவித்தீர்கள், இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று தமிழில் எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் கேட்டிருக்கிறோம். இதுவரை பதில் இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இப்படி விவரம் கசிந்தால் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு நிறுவனம் அறிவிக்க வேண்டும் என்கிறது. அதிகாரசபையின் பணிப்புரையை மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டம் என்றும் அதில் இருக்கிறது. ஆனால் அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்து தள்ளிப்போயின. கம்பனிகளுக்கு அந்தத் தைரியம்.

"வெறும் அடையாள அட்டை நம்பர்தானே" என்று சிலர் சொல்கிறார்கள். பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 12 இலக்கப் புதிய அட்டையில் வருடம் முழுசாகவே இருக்கிறது. நம்பர் கிடைத்தாலே பிறந்த திகதி கிடைத்த மாதிரி. பாஸ்வேர்டை மாற்றலாம், இதை மாற்ற முடியாது.

இப்படி அழைப்பு வந்து ஓடிபி கொடுத்துவிட்டால், முதலில் வங்கிக்குப் போன் போட்டுக் கணக்கை நிறுத்துங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பொலிஸில் என்ட்ரி போட்டுப் பிரதியை வாங்கி வையுங்கள். நிறுவனத்துக்குக் கடிதம் கொடுத்தும் சரியான பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் 1935க்கு அழைத்து முறைப்பாடு செய்யலாம். உங்கள் பெயரில் வேறு யாராவது கடன் எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கை எடுங்கள். சிம் கடையில், உங்கள் அடையாள அட்டையில் எத்தனை சிம் இருக்கிறது என்றும் கேளுங்கள். மாமிக்குப் பிணை நின்ற அக்காமார் இருவருக்கும் இதையெல்லாம் செய்து கொடுத்துவிட்டோம், அவர்களின் கொப்பியும் அதே படிவத்தோடுதான் இருந்தது.

உங்கள் தோட்டத்திலும் யாருக்காவது இப்படி அழைப்பு வந்திருந்தால் போனில் உள்ள அழைப்பு விவரத்தை அழிக்காதீர்கள். திகதி, நேரம், வந்த இலக்கம் மூன்றையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். எல்லோருடையதையும் சேர்த்து ஒரே முறைப்பாடாகக் கொடுக்கப் போகிறோம்.