தானமாக வந்த மாடு: எச்எஸ்-2எல் பறக்கும் படகு சர்வேக்கு உதவுமா?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலிருந்தே கிளம்பும் விமானமான கர்ட்டிஸ் எச்எஸ்-2எல் பறக்கும் படகின் விஷயத்தில் பார்த்தே ஆக வேண்டும். 1918இல் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடுவதற்கென்று அமெரிக்கக் கடற்படை கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையில் நிறுத்தியிருந்த இந்தப் பறக்கும் படகுகளில் 12, போர் முடிந்ததும் கனடாவுக்கே கொடுக்கப்பட்டன. 1919 ஜூனில் விமானி ஸ்டூவர்ட் கிரஹாம் அவற்றில் ஒன்றை கியூபெக்கின் லாக்-ஆ-லா-டார்ட்யூ ஏரிக்கு ஓட்டிப் போனார். காட்டுத்தீக் காவலும் வனக் கணக்கெடுப்பும் பல ஆண்டுகள் இந்த வகைப் படகில்தான் நடந்தன. 1924இல் ஒன்டாரியோ மாகாண விமானச் சேவை தொடங்கியபோதும் முதலில் இருந்தவை இவைதான்.

இறக்கை 74 அடி, நீளம் 39 அடி. முந்தைய எச்எஸ்-1எல்லின் இறக்கை 62 அடிதான். 180 பவுண்டு குண்டு நீர்மூழ்கியை ஒன்றும் செய்யவில்லை என்பதால், 230 பவுண்டு குண்டைத் தூக்க இறக்கையை நீட்டினார்கள். குண்டுக்காகக் கூட்டிய அந்த இறக்கை பிறகு கூடாரத்தையும் பெட்ரோல் டின்களையும் அரிசி பருப்பு மாதிரி அங்கே தின்னும் மாவு, பன்றி இறைச்சி மூட்டைகளையும் சுமந்தது. வெறும் எடை சுமார் 1,950 கிலோ, சுமையோடு 2,900 கிலோவுக்குச் சற்று மேல். உச்ச வேகம் மணிக்கு 133 கி.மீ.

இதன் உண்மையான மதிப்பு மூக்கில் இருக்கிறது. என்ஜினும் ப்ரொப்பெல்லரும் விமானிக்குப் பின்னால், இறக்கைகளுக்கு நடுவே. முன்குழியில், அதாவது மூக்கிலுள்ள திறந்த இருக்கையில், உட்கார்ந்த பார்வையாளருக்கு எதிரே எதுவுமில்லை. முகத்தில் எண்ணெய் தெறிக்காது, கீழே பார்த்தால் இறக்கை மறைக்காது. மேலிருந்து பார்த்துக் கையால் வரைந்து எடுக்கும் சர்வேக்கு இதைவிட நல்ல இருக்கை அன்று கிடையாது.

வேலை செய்யும் முறை எளிது, பழக்கம்தான் கடினம். தெரிந்த ஏரிகளும் ஆறுகளும் மட்டும் மையிட்ட அடிப்படை வரைபடத்தைப் பலகையில் அழுத்திப் பொருத்திக்கொள்ள வேண்டும். இணையான கோடுகளில் பறந்துகொண்டே ஊசியிலைக் காடு, அகன்ற இலைக் காடு, எரிந்த இடம், சதுப்பு என்று எழுத்துக் குறிகளால் எல்லை போடுவார்கள். மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 1.8 கி.மீ. நழுவிவிடும், ஒரு சதுப்பின் ஓரத்தை அழகாக வளைத்துக்கொண்டிருந்தால் அடுத்த ஏரி தாண்டிப் போயிருக்கும். காற்றின் வேகத்தால் கோடு நீளும் அல்லது சுருங்கும். அதனால் தெரிந்த ஏரி ஒவ்வொன்றையும் கடக்கும்போது கடிகார நேரத்தை ஓரத்தில் குறித்து, இறங்கிய பிறகு நடுவிலுள்ளதைச் சரிக்கட்ட வேண்டும். என்ஜின் இரைச்சலில் பேச முடியாது. சைகையும் துண்டுச் சீட்டும்தான்.

புகைப்படம் என்றால் கதை வேறு. இதன் உயர எல்லை 5,200 அடி. 12 அங்குலக் குவியத் தூர லென்ஸை 5,000 அடியிலிருந்து நேர் கீழே பிடித்தால் படத்தின் அளவுவிகிதம் 1:5,000. 7×9 அங்குலப் படம் ஒன்றில் அடங்குவது சுமார் 900 மீட்டருக்கு 1,140 மீட்டர். வடகனடாவை இப்படி எடுத்து முடிக்க ஆயுள் போதாது. அதனால்தான் அடிவானமும் தெரியும்படி சாய்த்து எடுத்து, அதன்மேல் தூரத்துக்கேற்பக் குறுகும் கட்டங்களைப் பொருத்தி வரைபடமாக்கும் முறை அங்கே வேரூன்றியது. நிலம் தட்டையாகவும் ஏரி நிறைந்ததாகவும் இருந்ததால் அது பலித்தது, மலைநாட்டில் பலிக்காது. அந்த முறைக்கும் 5,000 அடி உயரம் வேண்டும். புதுப் படகே முக்கி முனகித்தான் அங்கே ஏறும்.

பழைய படகு ஏறவே ஏறாது, காரணம் மரம். அடிப்பலகை தண்ணீர் குடிக்கும். பருவம் முடியும் தறுவாயில் எடை அட்டவணை பொய்யாகிவிடும். தினமும் காலையில் உள்நீரை இறைப்பது கட்டாயம். இயன்றபோது கரையேற்றிக் காயவிட வேண்டும். மரம் வெட்டி மிதக்கவிடும் ஏரிகளில் பாதி மூழ்கிய கட்டைகள் மேலிருந்து தெரியாது. அடியில் ஓட்டை விழுந்தால் கேன்வாஸ், பசை, செம்பு ஆணி, மேலே ஒரு தகடு. இந்த நாலும் இல்லாமல் புறப்படுவது அசட்டுத்தனம்.

இதிலுள்ள லிபர்ட்டி என்ஜின் 12 சிலிண்டர், நீர்க் குளிர்ச்சி. வலிமைக்குக் குறையில்லை, பசிக்கும்தான். மணிக்கு 90 முதல் 100 லிட்டர் வரை போகும் என்று கணக்குப் போட்டு, பறக்கும் வழியில் பெட்ரோலை முன்கூட்டியே இறக்கி வைக்க வேண்டும். தீப்பொறிக்கு, என்ஜின் சுழற்சியிலேயே மின்சாரம் தரும் மேக்னெட்டோ கிடையாது, பேட்டரிதான். பேட்டரி இறங்கிவிட்டால் ஏரியிலேயே தங்க வேண்டியதுதான்.

பெரும்பாலோர் ஏமாறுவது இறங்கும்போது அல்ல, கிளம்பும்போது. சின்ன ஏரியில் சுலபமாக இறங்கிவிடலாம். வெயில் ஏறிய, காற்றில்லாத மதியத்தில் அதே ஏரியிலிருந்து எழ முடியாது. கண்ணாடி போன்ற நீர் அடியைப் பிடித்துக்கொள்ளும். சுற்றிச் சுற்றி ஓட்டித் தானே அலை கிளப்பிக்கொள்வது ஒரு வழி. அதுவும் பலிக்காவிட்டால் ஆளையும் மூட்டையையும் கரையில் விட்டு, மாலைக் காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். கண்ணாடி நீரில் இறங்குவதானால் உயரம் கண்ணுக்குப் புலப்படாது. கரையோரமாக, என்ஜினை முழுக்க அணைக்காமல், மெல்லத் தணிந்து வருவதே பாதுகாப்பு.

காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் இதைப் பரிந்துரைக்க முடியாது. 1924இல் விமானி பேசில் ஹாப்ஸ் வடக்கே ரெயின்டீர் ஏரிப் பக்கம் புகைப்பட சர்வேக்குக் கொண்டுபோனது விக்கர்ஸ் வைக்கிங் என்ற வேறொரு பறக்கும் படகை. அதே ஆண்டு நவம்பரில் பறந்த கனேடியன் விக்கர்ஸ் வெடெட் இந்த வேலைக்கென்றே வரைந்தது. இறக்கை 42 அடி, என்ஜின் பாதிச் சக்தி, பெட்ரோலும் அதற்கேற்பக் குறைவு. தீ பார்க்கவும் பென்சிலால் வரையவும் மட்டும் என்றால், சும்மா கிடைத்த எச்எஸ்-2எல் அதன் விலைக்கு மேலேயே உழைத்தது.

கிரஹாம் ஓட்டிய, லா விஜிலான்ஸ் என்று பெயரிட்ட எச்எஸ்-2எல் 1922இல் ஒன்டாரியோவின் ஃபாஸ் ஏரியில் விழுந்து மூழ்கியது. 1960களின் கடைசியில் அதை வெளியே எடுத்தார்கள். ஒட்டாவாவிலுள்ள கனடா விமான, விண்வெளி அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் எச்எஸ்-2எல்லின் என்ஜினை அப்புறம் பார்க்கலாம். முதலில் முன்குழியைப் பாருங்கள்.