‘கர்ப்பகால’ மூலிகை டீ: பெட்டியைத் திருப்பிப் பார்த்த பிறகு 2 ஸ்டார்

எனக்கு இது ஆறாவது மாதம். நான்காவது மாதத்தில் காபி வாசனை வந்தாலே குமட்டும். என் நாத்தனார் ஆன்லைனில் தேடி இந்த டீயை அனுப்பிவைத்தார். 20 பை, 349 ரூபாய். இளஞ்சிவப்பு அட்டை, வயிற்றில் கைவைத்த பெண் படம், ‘100% இயற்கை, பக்க விளைவு இல்லை, காஃபின் இல்லை’. கம்பெனி பெயரை நான் இங்கே சொல்லவில்லை, இதே மாதிரி பெட்டிகள் நிறைய இருக்கின்றன.

ருசிக்குக் குறையே இல்லை. சர்க்கரை போடாமலே தித்திப்பு, தொண்டையில் இதமாக இறங்கும். காலை, மாலை, இரவு என்று மூன்று வேளை குடித்தேன். ஒரு பெட்டி ஒரு வாரம்தான் தாங்கும். அடுத்த இரண்டு பெட்டி என் காசு.

அந்தத் தித்திப்பு எங்கிருந்து வருகிறது என்று நான் யோசிக்கவில்லை. செக்கப்புக்குப் போனபோது நர்ஸம்மா பிரஷர் பார்த்துக்கொண்டே, “வேற என்னம்மா குடிக்கிறீங்க?” என்று கேட்டார். பையிலிருந்த பெட்டியைப் பெருமையாக நீட்டினேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்பக்கம். பொடி எழுத்தில் முதல் பெயரே அதிமதுரம். எது அதிகமோ அது முதலில் வரவேண்டும் என்பது லேபிள் விதி. அப்படியென்றால் நான் குடித்தது அதிமதுர டீ!

டாக்டர் விளக்கினார். அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் என்ற பொருள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, பிரஷரை ஏற்றக்கூடியது. அம்மாவின் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் அளவுக்கு மீறிக் குழந்தைக்குப் போகாமல் நஞ்சுக்கொடியில் ஒரு என்சைம் காவல் நிற்குமாம். அதையும் இது மட்டுப்படுத்துகிறது. பின்லாந்தில் அதிமதுர மிட்டாயை விரும்பித் தின்பார்கள். அங்கேயே கர்ப்பிணிகளை அதிகம் தின்னாதீர்கள் என்கிறார்கள். பிரிட்டனின் அரசு மருத்துவ சேவை மூலிகை டீயே நாளுக்கு 4 கப்புக்கு மேல் வேண்டாம், மூலிகை மருந்தாக அதிமதுர வேர் வேண்டவே வேண்டாம் என்கிறது. என் பிரஷர் அன்று 110/70. ஒன்றும் ஆகவில்லை, நிறுத்தினால் போதும் என்றார்.

வீட்டுக்கு வந்து மீதியையும் படித்தேன். இரண்டாவது ‘ஹைபிஸ்கஸ்’. நம் வீட்டுச் செம்பருத்தியா, புளிச்சக்கீரை இனத்துச் சிவப்புப் பூவா என்று பெட்டியில் போடவில்லை. தீட்டு தள்ளிப்போனால் செம்பருத்திப்பூ கஷாயம் கொடுக்கிற பாட்டிகளை எனக்குத் தெரியும். பிள்ளைத்தாய்ச்சிக்கு அதைக் கொடுப்பார்களா? கடைசியில் பச்சைத் தேயிலை. அதில் காஃபின் உண்டே! முன்பக்கம் இல்லை, பின்பக்கம் இருக்கிறது. நாளுக்கு 200 மில்லிகிராம் வரை காஃபின் பரவாயில்லை என்பதால் இது பெரிய ஆபத்தில்லை, ஆனால் பொய் பொய்தான்.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். “மேடம், இது இயற்கையானது. எங்க அக்காவே குடிச்சாங்க.” எவ்வளவு அதிமதுரம் என்று கேட்டேன். “அது ஃபார்முலா மேடம்.” பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். சரி, விடு.

இப்போது குமட்டினால் ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிக் கொதிக்கவைத்து வடிகட்டிக் குடிக்கிறேன். ஆரம்ப மாதக் குமட்டலுக்கு இஞ்சியை உலக சுகாதார நிறுவனமே 2016 வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். நாளுக்கு ஒரு டம்ளர், அவரிடம் கேட்டுக்கொண்டுதான். செலவு இரண்டு ரூபாய் இருக்குமா?

ருசிக்கு ஒரு ஸ்டார், பையில் பின் குத்தாமல் நூலால் கட்டியிருந்ததற்கு ஒரு ஸ்டார்.

மூன்றாவது பெட்டியில் 11 பை மிச்சம். “வீணாக்காதே, நான் குடிக்கிறேன்” என்றார் மாமியார். அவர் பிரஷர் மாத்திரை போடுகிறவர். “அத்தை, உங்களுக்குத்தான் முதல்ல ஆகாது” என்று வாங்கி பீரோ மேல் வைத்திருக்கிறேன்.