ஏர் சிலிண்டர் தேய்ந்தால் சீல் கிட்டா, புதுசா?

காற்றழுத்தத்தால் ராடைத் தள்ளும் ஏர் சிலிண்டர் தேய்ந்தால், சீல் கிட் (காற்று கசியாமல் அடைக்கும் வளையங்களின் செட்) போடுவதா, புது சிலிண்டர் வாங்குவதா? திருப்பூர் பிரிண்டிங் யூனிட்களில் ஆட்டோமேட்டிக் மெஷின் ஓட்டுபவர்கள் குழம்பும் இடம் இது. ஸ்க்வீஜி (மையை அழுத்தித் தள்ளும் பட்டை) அழுத்தம் நிற்காமல் பிரிண்ட் வெளுத்தால், முதலில் சிலிண்டரைச் சோதியுங்கள். ஒரு போர்ட்டில் காற்று கொடுத்து, மறு போர்ட்டின் டியூபைக் கழற்றுங்கள். ராட் கடைசிவரை போய் நின்ற பிறகும் அங்கே காற்று சீறினால் பிஸ்டன் (ராடின் உள்முனைத் தட்டு) சீல் போய்விட்டது. ராட் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் நுரைத்தால் ராட் சீல்.

செலவு: கிட் மலிவு. புதுசு பல மடங்கு.

நேரம்: கிட் போட முழுதாகப் பிரிக்க வேண்டும். புதுசை மாட்டினால் போதும். ஐஎஸ்ஓ 15552 என்ற சர்வதேசத் தர அளவு வகையில் போரும் (உள்விட்டம்) ஸ்ட்ரோக்கும் (ராட் நகரும் தூரம்) ஒத்திருந்தால் வேறு கம்பெனி சிலிண்டரும் அதே துளைகளில் உட்காரும்.

எத்தனை நாள் உழைக்கும்: இதை பேரல்தான் (சிலிண்டரின் குழாய்) முடிவுசெய்யும். உள்சுவரில் நகம் இடறும் கோடு இருந்தால் புது சீலையும் அறுத்துவிடும். ராடில் குரோம் உரிந்திருந்தாலும் அதே கதிதான். அங்கே கிட் வீண் செலவு.

ஓரம் மடித்து மூடிய சிறிய சிலிண்டர்களைப் பிரிக்கவே முடியாது, புதுசுதான்.

பேரல் வழவழப்பாக இருந்து, அவகாசமும் இருந்தால் தயங்காமல் கிட் போடுங்கள். ஆர்டர் நெருக்கடி என்றால் புதுசை மாட்டி ஓட்டுங்கள். கழற்றியதைப் பிறகு சரிசெய்து ஸ்பேராக வைக்கலாம். எதுவானாலும், ஏர் லைனை மூடி, மிச்ச அழுத்தத்தை வெளியேற்றாமல் கை வைக்கவே வேண்டாம்.