கான்டெஸாவின் டேஷ்போர்டும் புதுப்பேட்டை பாயும்

இந்த முறை ஊருக்குப் போய் வந்ததில் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. ஆனால் மனசில் நிற்பது அப்பாவின் கான்டெஸா டேஷ்போர்டுதான். ஒரு கடையில் அதைக் கெடுத்த விதமும் இன்னொரு இடத்தில் அதைக் காப்பாற்றிய விதமும் பழைய கார் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியவேண்டிய விஷயம்.

கான்டெஸாவைப் பற்றி இங்கே யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. 1984-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் உத்தர்பாரா ஆலையிலிருந்து வர ஆரம்பித்து 2002-ல் நின்றுபோன வண்டி. இங்கிலாந்தின் வாக்ஸால் விஎக்ஸ் காரின் உடம்பு. முதலில் போட்ட 1.5 லிட்டர் எஞ்சின் அந்த உடம்பை இழுக்கத் திணறும். இசுஸு 1.8 வந்த பிறகுதான் வண்டிக்கு உயிர் வந்தது, அப்பாவுடையது அந்த 1.8. இந்தியாவின் மசில் கார் (பெரிய எஞ்சினும் முரட்டுத் தோற்றமும் உள்ள அமெரிக்க ரகம்) என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. நான் இருப்பது அமெரிக்காவின் மிச்சிகனில், டெட்ராய்ட் பக்கம். ஆகஸ்ட் மாதம் வுட்வர்ட் அவென்யூவில் பழைய மசில் கார்கள் வரிசை கட்டிப் போவதை வருடா வருடம் பார்க்கிறவன். நீண்ட பானெட்டும் நிற்கிற தோரணையும் கான்டெஸாவுக்கு அந்தப் பட்டத்தைத் தரலாம் என்றுதான் எனக்கும் படுகிறது.

வண்டியின் எஞ்சின் நன்றாக இருக்கிறது, பாடியும் பரவாயில்லை. டேஷ்போர்டின் மேலே மெத்தை மாதிரி மூடியிருக்கிற பேட்தான் போய்விட்டது. காற்று வரும் துவாரத்தின் மூலையில் தொடங்கிய வெடிப்பு முன்கண்ணாடி வரைக்கும் ஓடியிருந்தது. விளிம்பு இரண்டும் வெயிலில் காய்ந்த உதடு மாதிரி மேலே சுருண்டிருந்தன. உள்ளே மஞ்சள் ஃபோம் தெரிந்தது. விரல் வைத்தால் பொடியாக உதிர்ந்தது.

இது மெட்ராஸ் வெயிலின் வேலை. பேட்டின் மேல் தோல் பி.வி.சி. அதை மெத்தென்று வைத்திருப்பது அதில் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர். வெயிலில் நிற்கிற காருக்குள் டேஷ்போர்டின் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிசைசர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி முன்கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலமாகப் படிகிறது. காய்ந்த தோல் சுருங்குகிறது, அடியில் இருக்கிற கெட்டியான சட்டம் சுருங்குவதில்லை. எனவே எங்கே வளைவும் மூலையும் இருக்கிறதோ அங்கே கிழிகிறது. மிச்சிகனில் இதற்கு நேர்மாறு. அங்கே குளிர்காலத்தில் ரோட்டில் போடுகிற உப்பு காரின் தரையைத் தின்றுவிடும், டேஷ்போர்டு தப்பித்துக்கொள்ளும். அரிசோனாவிலிருந்து பழைய கார் வாங்கினால் துருவில்லாத பாடி கிடைக்கும், ஆனால் பேட் பாளம் பாளமாக வெடித்திருக்கும்.

என் வீட்டு கராஜில் 1970 மஸ்டாங் நிற்கிறது. அதன் பேட் போனபோது கேட்டலாக்கைப் பார்த்து ஆர்டர் போட்டேன். பழையதைப் போலவே வார்த்த புதுப் பேட் பெட்டியில் வந்து இறங்கியது. ஒரு சனிக்கிழமையில் கழற்றி மாட்டியாயிற்று. புதிது கிடைக்காத கார்களுக்கும் அங்கே வழி இருக்கிறது. பழைய பேட்டை அனுப்பினால் ஃபோமைச் சரிசெய்து, சூடாக்கிய வினைல் ஷீட்டைக் காற்றை உறிஞ்சி அதன்மேல் இறுக்கப் படியவைத்துத் திருப்பி அனுப்புவார்கள். ஆயிரம் டாலருக்கு மேலேயும் போகும், வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். கான்டெஸாவுக்கு அப்படிப் புதுப் பேட் வார்த்துத் தருகிறவர் யாரும் என் கண்ணில் படவில்லை. அதனால் சென்னையில் கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வழக்கப்படி விசாரித்து, ஏசி போட்ட ஒரு பெரிய கடையில் கொடுத்தோம்.

"மாத்திடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்" என்றார் கவுண்டரில் இருந்தவர். என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கும் அதே பதில். மிச்சிகனில் சட்டமே இருக்கிறது: வேலையைத் தொடங்கும் முன் எழுத்தில் எஸ்டிமேட் கொடுக்கவேண்டும், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டால் திருப்பித் தரவேண்டும். இங்கே கடை அட்டையின் பின்பக்கம் ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்து ஒருவழியாக வண்டி வந்தது. பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மதிய வெயிலில் வாசலில் நின்ற வண்டியில் கதை வெளிப்பட ஆரம்பித்தது. மீட்டர் கூட்டுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் அவர்கள் ஒட்டிய ரெக்ஸின் மேலே எழும்பியது. தொட்டால் அடியில் காற்று. இரண்டு மூன்று வெயில் பார்த்த பிறகு வெடிப்பு இருந்த இடத்திலேயே புது ரெக்ஸினுக்கு மேல் கோடு தெரிந்தது. உள்ளே பட்டி வைத்திருக்கிறார்கள்! டிங்கர் வேலையில் தகரத்துக்கு வைக்கிற அதே பட்டி. அது கல் மாதிரி இறுகும்; சுற்றியுள்ள ஃபோமும் தோலும் சூட்டில் விரிந்து சுருங்கும்போது அதோடு சேர்ந்து அசையாது, விட்டுவிடும். அதைவிட மோசம், முன்கண்ணாடிக்குக் காற்று போகிற நீளத் துவாரங்களையும் ரெக்ஸினால் மூடிவிட்டார்கள். நடுவில் இருந்த ஸ்பீக்கர் ஜாலியையும் (ஓட்டை போட்ட மூடி) காணோம். கேட்டதற்கு, "அது உடைஞ்சிருந்துச்சு சார், தூக்கிப் போட்டுட்டோம்" என்று ரொம்ப இயல்பாகச் சொன்னார்கள். மழையில் கண்ணாடி மூடுபனி கட்டினால் எப்படி ஓட்டுவது என்று கேட்டேன். "ஏசி போட்டுக்குங்க சார்." வேண்டுமானால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஃபைபரில் ஒரு மூடி செய்து மேலே கவிழ்த்துவிடலாம் என்றும் சொன்னார்கள்.

எனக்குக் கோபம் வந்தது அந்த ஃபைபர் பேச்சில்தான். பேட் அலங்காரத்துக்கு வந்த பொருளில்லை. பழைய கார்களில் டேஷ்போர்டு வெறும் தகரம். பிரேக் அடித்தால் முன்சீட்டில் இருப்பவர் தலை நேரே அதில் போய் மோதும். ஃபோர்டு 1956-லேயே பேட் வைத்த டேஷ்போர்டைக் கூடுதல் காசுக்கு விற்றது. 1968 தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் உள்பக்க மோதலுக்கான பாதுகாப்பு விதி நடைமுறைக்கு வந்தது. ஏர்பேக் இல்லாத கான்டெஸாவில் அப்பா பக்கத்தில் உட்கார்கிற அம்மாவின் தலைக்கும் இரும்புக்கும் நடுவே இருப்பது அந்த ஃபோம்தான். அங்கே கெட்டி ஃபைபரை வைப்பேன் என்று ஒரு கடைக்காரர் கூசாமல் சொல்கிறார்.

ஜாலி தேடித்தான் பழைய கார் பாகங்கள் விற்கிற புதுப்பேட்டைக்குப் போனோம். அந்தச் சந்துகள் மாறவே இல்லை. கதவுகள் ஒரு பக்கம், ரேடியேட்டர்கள் ஒரு பக்கம், கால் வைக்க இடமில்லை. ஜாலி கிடைத்தது. கொடுத்தவர், "டேஷ்போர்டா? குஷன் வேலை பாய் ஒருத்தர் இருக்கார், காட்டுங்க" என்று கை காட்டினார்.

அறுபதைத் தாண்டிய மனிதர். ஒரு தையல் மிஷின், ஒரு பெஞ்ச், சுவரில் வினைல் சுருள்கள். அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து முதலில் செய்தது, டேஷ்போர்டின் ஓரத்தில் கட்டைவிரலைத் தேய்த்து முகர்ந்து பார்த்தது. "சிலிகான் பாலிஷ் அடிச்சிருக்காங்க. அத எடுக்காமலே பசை போட்டா எப்டி தம்பி நிக்கும்?" என்றார். எனக்கு அப்போதே நிம்மதி வந்துவிட்டது. மிச்சிகனில் கையேட்டில் முதல் பக்கத்தில் போட்டிருக்கும் விஷயம் அது.

ஸ்பீடோமீட்டர் கேபிளைப் பின்னாலிருந்து கழற்றி, மீட்டர் கூட்டை எடுத்து, அடியில் இருந்த நட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகி, ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல் பேட்டை முழுசாக வெளியே எடுத்தார். கழற்றிய ஒவ்வொரு நட்டும் அது இருந்த வரிசையில் ஓர் அட்டைக்குள் குத்தி வைக்கப்பட்டது. ரெக்ஸினையும் பட்டியையும் உரித்தார். தின்னரால் பல தடவை துடைத்தார். பிறகு நல்ல தோலிலேயே கத்தியை வைத்தார்! அப்பா பதறிவிட்டார். "சுருண்ட விளிம்ப வெட்டி எடுக்கணும் சார், இல்லன்னா மேடு தெரிஞ்சுக்கிட்டே இருக்கும்" என்று வெடிப்பின் இரண்டு பக்கமும் சாய்வாக அரிந்து பள்ளமாக்கினார். அதில் பட்டி வைக்கவில்லை; பிளாஸ்டிக் பம்பர் வேலைக்கு வைக்கிற, வளைந்து கொடுக்கிற கலவையை நிரப்பினார். மறுநாள் உப்புத்தாள் தேய்ப்பு. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்து, மேடு பள்ளம் தட்டினால் மறுபடி தேய்ப்பார்.

வினைல் போட்டதைப் பார்ப்பதற்காகவே அன்றைக்கு வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளவில்லை. அடியில் பின்னல் துணி இருக்கிற, நாலு பக்கமும் இழுபடுகிற வினைல். சூடு தாங்குகிற பசையை இரண்டு பக்கமும் தடவிக் காயவிட்டார். எல்லாரும் மேட்டிலிருந்து ஆரம்பிப்பார்கள். இவர் பள்ளத்தில் ஆரம்பித்தார். மீட்டர் கூட்டுப் பக்கத்தில் முன்பு எழும்பியதே, அந்த இடத்தில் முதலில் அழுத்தி உட்காரவைத்து, வழவழப்பான ஒரு மரக்கட்டையால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அது நன்றாகப் பிடித்த பிறகுதான் ஹீட் கன்னைக் கையில் எடுத்தார். ஒரு கை சூடு காட்ட, மறு கை நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்துக்கொண்டே போனது. ரொம்பச் சூடானால் வினைலில் இருக்கிற தோல் கோடு அழிந்து பளபளத்துவிடும். சூடு போதாவிட்டால் மூலையில் சுருக்கம் விழும். அவர் அளவு பார்த்தது கையால்தான். மிச்சிகனில் மிஷின் உறிஞ்சிச் செய்கிற வேலையை இந்த மனிதர் பத்து விரலால், ஒரே ஷீட்டில், தையல் போடாமல் முடித்தார். துவாரங்களைக் கடைசியில் கீறித் திறந்து, ஓரத்தை உள்ளே மடித்து ஒட்டினார்.

கூலியும் பொருளும் சேர்த்து ஒன்பதாயிரம் கேட்டார். முதல் கடைக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. அப்பா பழக்கதோஷத்தில் எட்டுக்குப் பேச ஆரம்பிக்க, நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். இந்த வேலையில் பேரம் பேசக் கூடாது. அவர் பையன் செல்போன் கடை வைத்திருக்கிறான், இந்தப் பக்கம் வரவில்லை. ஏசி கடைக்கு ஆயிரக்கணக்கில் யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கிற நாம் இவரிடம் ஓர் ஆயிரம் ரூபாய்க்கு நின்று பேசினால் அந்தப் பையன் ஏன் வருவான்?

வண்டி இப்போதும் மதிய வெயிலில்தான் நிற்கிறது. அப்பா ஃபோனில் பேசும்போதெல்லாம் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்கிறார், எழும்பவில்லை.

டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள், வீட்டில் கான்டெஸாவோ பிரீமியர் பத்மினியோ இருந்தால், கண்ணாடிக்குள் வைக்கிற சன் ஷேடு ஒன்று வாங்கிக் கொடுங்கள். சிலிகான் பாலிஷ் பாட்டிலைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள். குஷன் வேலைக்குக் கொடுக்கும் முன் பட்டி வைப்பீர்களா என்று கேளுங்கள். வைப்பேன் என்றால் வண்டியைத் திருப்பிவிடுங்கள். ஜாலி, கிளிப், நட்டு எல்லாவற்றையும் ஃபோட்டோ எடுத்துவைத்துக்கொண்டு கொடுங்கள். வண்டியைக் கொடுக்கிற நாளை ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒட்டிய பேட்டை ஒரு வாரம் வெயில் படாமல் நிழலில் வைக்கச் சொல்கிறார் பாய்.