ஓராண்டு நிதியியல் முதுநிலை: தரவரிசையில் இல்லாத நாட்காட்டி

நண்பர் ஒருவரின் தம்பிக்கு இங்கிலாந்தில் எம்.எஸ்சி. ஃபைனான்ஸ் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. நான் படித்த அதே பல்கலைக்கழகம், அதே படிப்பு. அந்தப் படிப்புக்கு உண்மையில் எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று நண்பர் கேட்டார். கட்டணம், பாடங்களின் பட்டியல், சேர்க்கைத் தகுதி ஆகியவற்றை அவர்களே பார்த்துவிட்டார்கள் என்பதால் அவற்றுக்குள் நான் போகவில்லை. பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் வேலையும் பார்த்துவிட்ட நிலையில், அந்தப் பல்கலைக்கழகத்தின் நற்பெயர் எதற்குக் கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்பதை மட்டும் எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்லப்போகும் குறை ஓராண்டு முதுநிலைப் படிப்பு நடத்தும் பல இடங்களுக்கும் பொருந்தும்.

முதலில் நிறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது பெரியது. நிதிநிலை அறிக்கைப் பகுப்பாய்வு என்றொரு பாடம் இருந்தது. சேரும்போது யாரும் பொருட்படுத்தாத பாடம். அதை நடத்தியவர் கடன் தரமதிப்பீட்டுத் துறையில் வேலை பார்த்தவர். ஆண்டறிக்கையைப் பின்பக்கத்திலிருந்து, அதாவது குறிப்புகளிலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. 2018 ஜனவரியில் கலைக்கப்பட்ட கட்டுமான நிறுவனமான காரிலியனின் 2016ஆம் ஆண்டறிக்கையை எங்கள் கையில் கொடுத்து, அந்நிறுவனம் ஏன் விழும் என்பதை அதிலிருந்தே எடுத்துக் காட்டச் சொன்னார். நிகரச் சொத்து ஏறத்தாழ 73 கோடி பவுண்டு. ஆனால் வாங்கிய நிறுவனங்களுக்காகக் கணக்கில் நின்ற நன்மதிப்புத் தொகை (அவற்றின் சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த விலை) மட்டும் 150 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது; அதைக் கழித்தால் நிகரச் சொத்தே மிஞ்சாது. துணை ஒப்பந்தக்காரர்களுக்கு வங்கி முன்கூட்டிச் செலுத்திய பணம் கடன் என்ற தலைப்பில் வராமல் பிற செலுத்தவேண்டிய தொகைகளுக்குள் அடங்கிக் கிடந்தது. அந்த வகுப்பில் கற்றதை நான் இன்றும் அன்றாடம் பயன்படுத்துகிறேன். என் சம்பளத்துக்கு அடிப்படையும் அதுதான். அதே துறையின் பங்குமதிப்பீட்டுப் பாடமும் கடன்பத்திரப் பாடமும் நன்றாகவே இருந்தன. நிதிச் சந்தைத் தரவு காட்டும் ப்ளூம்பெர்க் டெர்மினல் கணினிகள் உள்ள அறை பற்றி விளம்பரக் கையேட்டில் வந்த அளவுக்கு எங்கள் படிப்பில் அதற்கு வேலை இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இந்தப் பாடத்தின் தரம் எந்தத் தரவரிசையிலும் ஏறாது. ஃபைனான்சியல் டைம்ஸ் 2011 முதல் வெளியிட்டுவரும் நிதியியல் முதுநிலைப் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டம் பெற்று மூன்றாண்டுகள் ஆனவர்களிடம் சம்பளத்தைக் கேட்டு, அதற்குப் பெரும் எடை கொடுக்கிறார்கள். ஐந்தில் ஒரு பங்கினர் பதில் அளித்தால், அதுவும் குறைந்தது 20 பேர் என்றால், பட்டியலில் சேரப் போதுமானது. நாடு விட்டு நாடு சம்பளத்தை ஒப்பிடுவதற்கு வாங்கும் திறன், அதாவது அந்தந்த நாட்டு விலைவாசி அடிப்படையில் டாலராக மாற்றுகிறார்கள். இதனால் இந்தியாவில் வாங்கும் ரூபாய்ச் சம்பளம், சந்தை மாற்று விகிதத்தில் வருவதைப் போல மூன்று மடங்குக்கும் மேலாகத் தெரியும். முறை நியாயமானது, ஒளிவுமறைவும் இல்லை. ஆனாலும் பவுண்டில் கட்டணம் கட்டி, வங்கிக்கு ரூபாயில் தவணை செலுத்தப்போகும் மாணவருக்கு அந்த எண்ணால் ஒரு முடிவும் எடுக்க முடியாது. மூன்று அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற வணிகப்பள்ளி என்று பெருமையாக அச்சிடுகிறார்களே, அந்த மூன்றில் ஒன்றான ஆம்பா முதன்மையாக எம்.பி.ஏ. வகைப் படிப்புகளை ஆராய்ந்து அங்கீகரிக்கும் அமைப்பு. நிதியியல் படிப்பைப் பற்றி அது எதையும் உறுதிசெய்வதில்லை.

இப்போது என்னை இன்றுவரை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். படிப்பு செப்டம்பர் இறுதியில் தொடங்குகிறது. லண்டன் முதலீட்டு வங்கிகள் அடுத்த ஆண்டுக்கான பட்டதாரி வேலைகளுக்கும் கோடைக்காலப் பயிற்சிகளுக்கும் விண்ணப்பங்களை அதற்கு முந்தைய கோடையிலேயே திறந்துவிடுகின்றன. வரும் விண்ணப்பங்களை அவ்வப்போதே பரிசீலித்து இடங்களை நிரப்புவதால், கடைசித் தேதி நவம்பர் என்று போட்டிருந்தாலும் அக்டோபரிலேயே பல இடங்கள் போய்விடும். முழுநேர வேலைகளில் பெரும்பகுதி முந்தைய கோடையில் பயிற்சி பெற்றவர்களுக்கே செல்கிறது. அதாவது, முதல் வகுப்பில் உட்காரும் முன்பே, வங்கிக் கணக்கு திறந்து முடிக்கும் முன்பே, எண்கணிதத் தேர்வு, கேமராவைப் பார்த்துப் பதில் சொல்லும் காணொளி நேர்காணல் எல்லாவற்றுக்கும் மாணவர் தயாராகியிருக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் புதிய பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும், அங்கே வாங்கிய மதிப்பெண் ஒன்றுகூட இருக்காது. எங்கள் வேலைவாய்ப்புப் பிரிவு தன்விவரக் குறிப்பு எழுதுவது எப்படி என்ற பயிலரங்கை அக்டோபர் கடைசியில் வைத்தது. அங்கே பேசியவர்கள் அன்பானவர்கள், உழைப்பாளிகள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அந்த நாளைத் தேர்ந்தெடுத்த நிர்வாகத்தின் மீது எனக்குள்ள கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. இந்தக் கால அட்டவணை அவர்களுக்குத் தெரியாததன்று. சேர்க்கைக் கடிதத்தோடு ஒரு பக்கத்தில் அதை அச்சிட்டு அனுப்பியிருந்தால், எங்கள் வகுப்பில் பலர் ஜூலையிலேயே ஊரிலிருந்து விண்ணப்பித்திருப்பார்கள்.

பிரான்சில் இதைக் கையாளும் விதம் வேறு. அங்குள்ள பெரிய வணிகப்பள்ளி மாணவர்கள் நடுவில் ஓராண்டு இடைவெளி எடுத்து, ஆறு மாதப் பயிற்சிகள் இரண்டை முடித்துவிட்டு இறுதியாண்டுக்குத் திரும்புவது வழக்கம். பள்ளி, மாணவர், நிறுவனம் மூவரும் கையெழுத்திடும் பயிற்சி ஒப்பந்தம் இதற்கு வழிசெய்கிறது. எச்.இ.சி. பாரிஸ் போன்றவை தரவரிசையின் உச்சியில் நிற்பதற்குப் பேராசிரியர்கள் எவ்வளவு காரணமோ, அந்தப் பயிற்சி மாதங்களும் அவ்வளவு காரணம் என்பது என் கணிப்பு.

இங்கிலாந்தில் பிந்தினால் இழப்பது ஒரு பருவம் மட்டுமன்று. படிப்புக்குப் பிந்தைய விசா இதுவரை இரண்டாண்டு; 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் முதுநிலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதம்தான். அதன் பிறகும் தங்கி வேலை பார்க்கத் தேவைப்படும் திறன்பணி விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 2024 ஏப்ரலில் 38,700 பவுண்டாகவும் 2025 ஜூலையில் 41,700 பவுண்டாகவும் உயர்ந்தது; புதிதாக வேலைக்கு வருவோருக்கான வரம்பு இதைவிடக் குறைவு என்றாலும், லண்டனுக்கு வெளியே சிறு நிறுவனங்களில் தொடக்கநிலை வேலைகள் பல அதையும் எட்டுவதில்லை. முதல் அக்டோபரைத் தவறவிட்டவருக்கு அடுத்த அக்டோபரில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் அதற்கும் அடுத்த கோடையில்தான் தொடங்கும். அப்போது கையிலுள்ள விசாக் காலத்தில் கணிசமான பகுதி கரைந்திருக்கும்.

நியாயமாகப் பார்த்தால், பட்டம் பெற்ற பிறகு அந்தப் பெயர் எனக்கு உதவியது. பழைய மாணவர்கள் கடிதத்துக்குப் பதில் எழுதினார்கள், முதலீட்டுப் பகுப்பாய்வாளர்களுக்கான சி.எஃப்.ஏ. தேர்வின் முதல் நிலைப் பாடங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே படித்ததாக இருந்தது. என்னை வேலைக்கு எடுத்தவர் அந்த நிதிநிலை அறிக்கைப் பகுப்பாய்வுப் பாடத்தைப் பற்றித்தான் விரிவாகக் கேட்டார். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், இந்த ஆண்டு சேர வேண்டாம் என்றே அந்தத் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கும் குடும்பம் அது. அவருக்கோ வேலை அனுபவம் இல்லை. சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க அனுமதி கேட்கட்டும். அதற்குள் சென்னையிலேயே ஒரு வங்கியின் ஆய்வுப் பிரிவிலோ தணிக்கை நிறுவனத்திலோ வேலை பார்த்து, அடுத்த ஜூலையில் இங்கிருந்தே லண்டனுக்கு விண்ணப்பங்களை அனுப்பட்டும். பல்கலைக்கழகத்திடம் கேட்பதற்கு ஒரு கேள்வியையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: சென்ற ஆண்டு நிதித்துறையில் வேலை பெற்ற வெளிநாட்டு மாணவர்களில், சேரும்போது முன்பணி அனுபவம் இல்லாதவர்கள் எத்தனை பேர்?