ஐந்து அங்குலச் சதுரங்களில் ஒரு போர்வை: ‘சார்ம் பேக்’ துணிக்கட்டு பற்றிய மதிப்புரை

ஒட்டுத்துணிப் போர்வைக்குப் பல வகைத் துணிகள் வேண்டும். ஆனால் ஒவ்வொன்றிலும் கையளவே வேண்டும். துணிக்கடைகளிலோ பெரும்பாலும் கால் கெஜத்துக்குக் குறைவாக வெட்டித் தருவதில்லை. முப்பது நாற்பது அச்சு வடிவங்கள் கலந்த போர்வையைத் தைக்க விரும்புபவர், தேவைக்குப் பல மடங்கு துணியை வாங்கிக் குவிக்க வேண்டும். இல்லையேல் நான்கைந்து துணிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இதற்கு அமெரிக்கத் துணி நிறுவனங்கள் கண்ட வழி, முன்கூட்டியே வெட்டி அடுக்கிய துணிக்கட்டுகள். அவற்றில் ‘சார்ம் பேக்’ என்று விற்கப்படும் ஐந்து அங்குலச் சதுரக் கட்டையே இங்கே மதிப்பிடுகிறேன். எளிய கட்டங்களைக் கொண்டு முதல் போர்வையைத் தைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைப்பது கடினம் என்பது என் முடிவு. ஆனால் கட்டை அப்படியே பிரித்துத் தைத்தால் போர்வை சோபிக்காது. அதோடு ஒற்றை நிறத் துணி ஒன்றைச் சேர்த்தாக வேண்டும்.

டாலஸ் நகரத்து மோடா நிறுவனத்தின் கட்டுகளில் பொதுவாக 42 சதுரங்கள் இருக்கும். ஒரே வடிவமைப்பாளர் ஒரு பருவத்துக்கென உருவாக்கிய துணித்தொகுப்பில் உள்ள எல்லா அச்சுகளிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கியிருப்பார்கள். தொகுப்பில் அச்சுகள் குறைவாக இருந்தால் சில இருமுறை வரும். பெரிய பூ, சிறிய பூ, புள்ளி, கோடு, கட்டம் என அச்சுகளின் அளவு மாறினாலும், எல்லாவற்றிலும் அதே ஐந்தாறு நிறங்களே திரும்பத் திரும்ப வருவதால் எதை எதனருகில் வைத்தாலும் முரண்படாது. புதியவரின் பெரிய அச்சத்தை இந்த ஒரு தன்மை நீக்கிவிடுகிறது.

எனினும் இந்த இணக்கத்திலேயே ஒரு குறையும் இருக்கிறது. நிறங்கள் ஒத்துப்போவது வேறு, வெளிர்ப்பும் அடர்த்தியும் எதிரெதிராக நிற்பது வேறு. போர்வையின் வடிவத்தைக் கண்ணுக்குக் காட்டுவது இரண்டாவதுதான். பல தொகுப்புகளில் முக்கால் பங்கு துணிகள் நடுத்தர அடர்த்தியில் அமைந்துவிடுகின்றன. நீலமும் ரோஜாவும் பச்சையும் தனித்தனியே அழகாக இருந்தாலும், பத்தடி தொலைவிலிருந்து பார்த்தால் ஒன்றோடொன்று கரைந்து தெளிவற்ற பரப்பாகத் தெரிகின்றன. இதை அறிய எளிய சோதனை உண்டு. சதுரங்களைத் தரையில் பரப்பி, கைப்பேசியில் கருப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறம் ஒரே சீராகத் தெரிந்தால், அந்தக் கட்டு தனியாக நிற்காது. இணையத்தில் வாங்குபவர்கள் விற்பனைப் பக்கத்தில் உள்ள படத்தையே இப்படி மாற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம்.

ஒரு வகையில் இந்த நிற இணக்கம் காலத்தின் மாற்றமும்கூட. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தைக்கப்பட்ட ‘சார்ம்’ போர்வைகளில் எந்த இரு துண்டுகளும் ஒரே துணியாக இருக்கக்கூடாது என்பது விதி. உறவினரிடமும் தோழியரிடமும் துணிகளை மாற்றிக்கொண்டே அவற்றைச் சேர்த்தார்கள். அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் ஊர்ப் பெண்கள் பழைய வேலையுடைகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், தொடர்ந்து நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் வைக்கப்பட்டன. அவற்றில் முன்கூட்டிப் பொருத்தி வைத்த துணி எதுவும் இல்லை. வெளுத்த நீல டெனிமுக்குப் பக்கத்தில் திடீரென ஒரு சிவப்பு வந்து நிற்கும். அந்தத் துணிவைக் கடையில் வாங்கிய கட்டு தராது. அதனால், 42 சதுரங்களில் இரண்டு மூன்றை எடுத்துவிட்டு, தொகுப்புக்குச் சற்றும் தொடர்பில்லாத வீட்டுத்துணியை அதே அளவில் வெட்டி நுழைக்கும்படி யாருக்கும் பரிந்துரைப்பேன். போர்வைக்கு உயிர் வருவது பெரும்பாலும் அந்த அயல் துண்டுகளால்தான்.

இனித் தையலுக்கு வருவோம். இருபுறமும் கால் அங்குலம் தையலுக்குப் போக, ஐந்து அங்குலச் சதுரம் முடிவில் நாலரை அங்குலமாகும். ஒரு கட்டை மட்டும் கொண்டு ஆறுக்கு ஏழாக அடுக்கினால் 27க்கு 31½ அங்குலமே கிடைக்கும். இது பொம்மைக்குப் பெரியது, குழந்தைக்குச் சிறியது. அதே கட்டோடு முக்கால் கெஜம் வெள்ளை அல்லது சந்தன நிறத் துணியை வாங்கி 40 சதுரங்களாக வெட்டிக்கொண்டால், ஒன்பதுக்கு ஒன்பது என்ற சதுரங்கப் பலகை அமைப்பில் 41 அச்சுத் துண்டுகளும் 40 வெற்றுத் துண்டுகளும் சரியாகப் பொருந்தும். அளவு 40½ அங்குலச் சதுரம். சுற்றிலும் மூன்று அங்குலப் பார்டர் வைத்தால் 46½ ஆகிவிடும்; தொட்டில் குழந்தைக்கும், தரையில் விரித்து விளையாட விடுவதற்கும் போதுமானது. மேலே சொன்ன வெளிர்ப்பு அடர்த்திக் குறையும் இந்த வெற்றுத் துணியால் தீர்ந்துவிடுகிறது: ஒவ்வோர் அச்சும் தனித்துத் தெரிகிறது, கண்ணுக்கும் ஓய்வு கிடைக்கிறது.

இதையடுத்து நான் விரும்பும் அமைப்பு ஒன்பது துண்டுக் கட்டம். மூன்றுக்கு மூன்றாகத் தைத்தால் தைக்கப்படாத விளிம்புகளோடு 14 அங்குலம் வரும். அதைக் குறுக்கிலும் நெடுக்கிலும் நடுவில் வெட்டி, கிடைத்த நான்கு ஏழு அங்குலத் துண்டுகளைத் திருப்பி அடுக்கினால், தைத்தவரே எதிர்பாராத சிக்கலான வடிவம் உருவாகும். ஒவ்வொரு கட்டத்தின் நடுத்துண்டும் நான்காகச் சிறுப்பதால், அந்த இடத்தில் அடர் நிறத்தை வைப்பது நல்லது. முக்கோணக் கட்டங்களுக்கு மட்டும் இந்தத் துணிக்கட்டை நான் அவ்வளவாகப் பரிந்துரைக்க மாட்டேன். இரு சதுரங்களைச் சேர்த்து மூலைவிட்டத்தின் இருபுறமும் தைத்து வெட்டினால் கிடைக்கும் இரு கட்டங்களும், ஓரம் சீவியபின் முடிவில் நாலங்குலமாகக் குறைந்துவிடுகின்றன. வெட்டிய பக்கம் இழைக்கு மூலைவாட்டமாக அமைவதால் இஸ்திரி போடும்போதே இழுபடவும் செய்யும்.

சதுரங்களின் விளிம்பு பற்றி அவசியம் சொல்ல வேண்டும். நூல் பிரியாமலிருக்கப் பல நிறுவனங்கள் அதை அரம்பப் பல் போல வெட்டித் தருகின்றன. ஐந்து அங்குலம் என்பது பல்லின் முனையிலிருந்தா, பள்ளத்திலிருந்தா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறக்கூடும். எனவே தைக்கும் முன் நாலைந்து துண்டுகளை அளந்து பார்த்து, அந்தக் கட்டு முழுவதற்கும் முனையையோ பள்ளத்தையோ ஒரே கணக்காக வைத்துக்கொள்ள வேண்டும். இதில் ஒவ்வொரு விளிம்பிலும் அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) அதிகமாகப் பிடித்தால், ஒரு தையலுக்கு ஒரு நூல் போகும்; ஒன்பது துண்டு வரிசையில் எட்டுத் தையல்கள் இருப்பதால் அந்த வரிசை முழுதாக ஓர் அங்குலம் சுருங்கிவிடும். எல்லா வரிசையும் ஒரே அளவில் சுருங்கினால் கேடில்லை. ஒன்று சுருங்கி மற்றொன்று சுருங்காவிட்டால் மூலைகள் சேரா. வரிசைகளை இணைக்கும் முன், முதல் வரிசையின் தையல்களை வலப்பக்கமாகவும் அடுத்த வரிசையை இடப்பக்கமாகவும் மடித்து இஸ்திரி போட்டால், சந்திப்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நகராமல் நிற்கும்.

முன்வெட்டுத் துணிகளைத் தைப்பதற்கு முன் துவைக்கக்கூடாது. ஓரம் பிரிந்து, அளவும் கோணிப்போகும். சுருக்கமும் சாயமும் முடிந்த போர்வையில்தான் வெளிப்படும். சுருக்கத்தை நான் குறையாகக் கருதவில்லை. பருத்தித் துணியும் உள்ளே வைக்கும் பருத்திப் பஞ்சுத் தாளும் சேர்ந்து சுருங்கும்போது வரும் மெல்லிய நெளிவுதான் இந்தப் போர்வைகளின் தனி அழகு. சாயம் அப்படியன்று. வெள்ளைச் சதுரத்தின் பக்கத்தில் அடர்சிவப்போ கருநீலமோ இருந்தால், முதல் சலவையைக் குளிர்ந்த நீரில், சாயம் உறிஞ்சும் தாள்களோடு செய்வது அவசியம்.

விலையைப் பொறுத்தவரை, 42 சதுரங்களின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு கெஜம்தான். ஆனால் விலை பெரும்பாலும் ஒரு முழு கெஜத்தை ஒட்டியே இருக்கிறது. இந்தக் கூடுதல் விலை வெட்டும் வேலைக்கும் தேர்வுக்கும் தரும் கூலி. ஏற்கெனவே மிச்சத்துணி சேர்த்து வைத்திருப்பவருக்கும், சுழல் கத்தியும் அளவுகோலும் கைவரப் பெற்றவருக்கும் இது தேவையில்லை. துணி தேர்வதில் தயங்குபவருக்கும், மாலையில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் நேரே இயந்திரத்தில் உட்கார விரும்புபவருக்கும் கொடுத்த பணம் வீணாகாது.

இரட்டைக் கட்டிலுக்குப் போர்வை வேண்டுமென்றால் மட்டும் இந்த அளவைத் தவிர்த்துவிடுங்கள். 81க்கு 90 அங்குலத்துக்கு 360 சதுரங்கள் தேவைப்படும். ‘லேயர் கேக்’ என்ற பெயரில் அதே தொகுப்புகளைப் பத்து அங்குலச் சதுரங்களாகவும் விற்கிறார்கள். அதில் உள்ள 42 துண்டுகளில் 36ஐயும் அதே அளவில் வெட்டிய 36 வெற்றுத் துண்டுகளையும் எட்டுக்கு ஒன்பதாக மாற்றி மாற்றி அடுக்கினால் 76க்கு 85½ அங்குலப் போர்வை ஒரே துணிக்கட்டில் முடிந்துவிடும். மிஞ்சும் ஆறு துண்டுகள் தலையணை உறைக்கு ஆகும்.