மூர்வெளியில் நடக்க "அனுமதிச் சீட்டு" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்: 412 பவுண்டு பறிகொடுத்துவிட்டு எழுதுகிறேன்

நேற்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நானே போகட்டும் என்று விட்டுவிடுவேன். இங்கிலாந்தில் நார்த் யார்க் மூர்ஸ் தேசியப் பூங்கா (மூர் என்றால் மரமில்லாத, புதர் படர்ந்த மேட்டுவெளி) பக்கம் நடைப்பயணம் போக நினைப்பவர்கள், அதுவும் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துக்கொண்டு போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள். எங்களுக்குப் போனது 412 பவுண்டு.

என் அப்பாவுக்கு 71 வயது. நில அளவைத் துறையில் 34 வருடம் வேலை பார்த்தவர். கொஞ்ச காலம் நீலகிரியில் இருந்தபோது குறிஞ்சி பூத்ததைப் பார்த்திருக்கிறார். இங்கே ஆகஸ்ட் கடைசியில் மேட்டுவெளி முழுவதும் ஹெதர் என்ற குறுஞ்செடி பூத்து ஊதாவாகக் கிடக்கும் என்று ஒருநாள் சொன்னேன். "வருடா வருடமா?" என்று கேட்டார். பன்னிரண்டு வருடம் காத்திருந்து பார்க்கிற பூவைத் தெரிந்தவருக்கு அது பெரிய செய்தி. அன்றிலிருந்து தினமும் அதே பேச்சுதான்.

எனக்கும் என் கணவருக்கும் மலைநடையில் பழக்கம் கிடையாது. மகளுக்கு ஒன்பது வயது. யாராவது வழிகாட்டி கூட வந்தால் நல்லது என்று, சுற்றுலா அனுபவங்களை விற்கும் ஒரு இணையத் தளத்தில் தேடினேன். காடு, அருவி, மூர் மூன்றும் சேர்ந்த இரண்டு நாள் நடை, கோத்லண்ட் கிராமத்திலிருந்து தொடக்கம், பூட்ஸும் ஊன்றுகோலும் அவர்களே தருவார்கள் என்று ஒரு அறிவிப்பு இருந்தது. படங்கள் அழகாக இருந்தன. தளத்தில் 60 பவுண்டு முன்பணம் கட்டினேன்.

அன்று மாலையே அந்த வழிகாட்டி தொலைபேசியில் அழைத்தான். நான் ஏமாந்தது இந்த அழைப்பில்தான். பணத்தைப் பற்றி அவன் முதலில் பேசவே இல்லை. அப்பாவின் முழங்கால் எப்படி, படி இறங்கும்போது வலிக்குமா, ஏறும்போதா என்று கேட்டான். மருத்துவர்கூட அப்படிப் பொறுமையாகக் கேட்டதில்லை. பிறகு, "வயதானவர்களுக்குக் காலணி அளவு எண்ணை மட்டும் நம்பி பூட்ஸ் கொடுக்க மாட்டேன், பாதத்தைத் தாளில் வரைந்து படம் எடுத்து அனுப்புங்கள்" என்றான்.

கூடத்தில் வெள்ளைத் தாளை விரித்து அப்பாவை நிற்க வைத்தேன். குனிந்து பென்சிலால் சுற்றி வரைந்தேன். இடது சுண்டுவிரல் கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும். அந்த இடத்தில் பென்சில் தடுக்கியது. அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்த கால் அது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலுக்கும் பெயர் எழுதினாள். படத்தை அனுப்பியதும், "அவருடைய பூட்ஸ் காத்திருக்கிறது என்று சொல்லுங்கள்" என்று பதில் வந்தது. அப்பா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். இப்படிக் கேட்கிறவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்?

அதன் பிறகுதான் பணம். தளத்துக்குக் கமிஷன் போகிறது, மீதியை நேராக வங்கிக் கணக்கில் போட்டால் குறைத்துக்கொள்கிறேன் என்றான். 352 பவுண்டு அனுப்பினேன். முன்பணத்தோடு மொத்தம் 412 பவுண்டு. அதில் "மூர் நடை அனுமதிச் சீட்டு" தலைக்கு 12 வீதம் 48 பவுண்டு. "மலை மீட்புக் காப்பீடு" தலைக்கு 5 வீதம் 20 பவுண்டு. சீட்டு மின்னஞ்சலில் வந்தது: மேலே ஒரு பறவையின் படம், எட்டு இலக்க எண், எங்கள் நால்வரின் பெயர். அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து தவறு. திருத்தித் தரும்படி நான் எழுதினேன், திருத்தியும் அனுப்பினான்!

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கோத்லண்ட் கார் நிறுத்தத்தில் நின்றோம். பூட்ஸ் வரும் என்ற நம்பிக்கையில் அப்பா கேன்வாஸ் காலணியோடு வந்திருந்தார். யாரும் வரவில்லை. அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பத்தேகாலுக்கு ஒரு குறுஞ்செய்தி: முந்தைய குழுவால் தாமதம், அனுப்பிய வரைபடத்தைப் பார்த்து மாலியன் ஸ்பவுட் அருவிக்கு இறங்குங்கள், அங்கே பூட்ஸோடு சந்திக்கிறேன்.

இறங்கினோம். அருவி அழகுதான், அதைக் குறை சொல்லக் கூடாது. பாசி படிந்த பாறைச் சுவரிலிருந்து 70 அடி உயரத்துக்கு நூல் நூலாகத் தண்ணீர் விழுகிறது. ஆனால் அடிவாரத்துக்குப் போகும் ஓடைக்கரை முழுவதும் உருண்டைப் பாறைகள், எல்லாம் வழுக்கல். அவன் அனுப்பிய வரைபடம் என்பது ஒரு கைக்கிறுக்கல்; அருவியைத் தாண்டி ஓடையோரமாகவே போகும் கோட்டுக்குப் பக்கத்தில் "எளிய பாதை" என்று எழுதியிருந்தது. அப்பா அதை வாங்கிப் பார்த்தவுடன், "இதில் சம உயரக் கோடே இல்லையே, எப்படி நடப்பது?" என்றார். நான்தான், அவர் வந்துவிடுவார் அப்பா, இன்னும் கொஞ்ச தூரம் என்றேன். நாலாவது பாறையில் கேன்வாஸ் காலணி வழுக்கி அப்பா பக்கவாட்டில் விழுந்தார். உள்ளங்கை தோல் உரிந்தது, முழங்கால் வீங்கிவிட்டது. பள்ளத்தில் கைபேசிக்குச் சிக்னலும் இல்லை. என் கணவர் கைத்தாங்கலாகப் படியேற்றிக் கூட்டிவர ஒரு மணி நேரம் ஆனது. எலும்பு முறியவில்லை, அதுவரைக்கும் நல்லது.

மேலே வந்ததும் தேசியப் பூங்காவின் தன்னார்வலர் ஒருவரைப் பார்த்தோம். அப்பாவின் கைக்கு மருந்து போட்டுக் கட்டினார். பேச்சுவாக்கில் அனுமதிச் சீட்டைக் காட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு சீட்டே கிடையாதே அம்மா" என்றார். பொது நடைபாதைகளில் நடக்க யாரும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, வரைபடத்தில் வெளிர் மஞ்சளாகக் காட்டியிருக்கும் திறந்தவெளியில் பாதையை விட்டு விலகிக்கூட நடக்கலாம். கார் நிறுத்தத்துக்கு மட்டும்தான் கட்டணம். மலை மீட்புக் குழுவினரும் தன்னார்வலர்கள்தாம். காப்பாற்றிவிட்டு ரசீது நீட்டுவதில்லை. 68 பவுண்டுக்கு அவன் விற்றது ஏற்கெனவே எல்லாருக்கும் இலவசமாக உள்ள உரிமையை. எனக்கு முகம் எரிந்தது.

சாயங்காலம் அவனிடமிருந்து பதில் வந்தது. "குறித்த இடத்துக்கு நீங்கள் வரவில்லை என்று எங்கள் பதிவு சொல்கிறது. வராதவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்படாது." கார் நிறுத்தச் சீட்டில் நேரம் அச்சாகியிருக்கிறது, அதைப் படம் எடுத்து அனுப்பினேன். அதற்குப் பதில் இல்லை. இரவுக்குள் என் எண்ணை முடக்கிவிட்டான்.

தளத்தின் உதவிப் பிரிவில் மூன்று பேரிடம் மூன்று முறை முதலிலிருந்து சொன்னேன். முதலாமவர் வருந்தினார். இரண்டாமவர் 352 பவுண்டு தளத்துக்கு வெளியே போனது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார். மூன்றாமவர் நல்லெண்ண அடிப்படையில் அடுத்த பயணத்துக்கு 30 பவுண்டு கூப்பன் தருகிறோம் என்றார். 412 பவுண்டைப் பறிகொடுத்து, அப்பாவின் காலில் கட்டும் போட்டுக்கொண்டு நிற்கிறவளுக்குக் கூப்பன்! அந்த அறிவிப்பு இந்த நிமிடம்கூடத் தளத்தில் அப்படியே இருக்கிறது.

வங்கியில் இன்னொரு சுவர். 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றி வங்கிப் பரிமாற்றம் செய்ய வைத்தால் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான தகராறு அதில் சேராது. அவன் ஒரு வரைபடம் அனுப்பிவிட்டானாம், ஆகவே "சேவையில் ஒரு பகுதி கிடைத்திருக்கிறது", தகராறாக இருக்கலாம் என்கிறார்கள். உலகத்திலேயே இல்லாத சீட்டை விற்றவன் செய்தது தகராறா, மோசடியா? அதைத்தான் எழுத்தில் கேட்டிருக்கிறேன். தன்னார்வலர் சொன்னதையும் சீட்டின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

"விட்டுவிடம்மா, போனது பணம்தானே" என்கிறார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக் கடையில் அந்தப் பகுதிக்கான ஓஎல்27 என்ற நடை வரைபடத்தை அவரே வாங்கினார். நாலு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். மேசையில் விரித்து, விரலால் கோடுகளைத் தொட்டுத் தொட்டு, ஏற்றமே இல்லாத ஒரு துண்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஊன்றுகோலுக்குப் பதில் என் தோளைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் நடந்தார். இருபுறமும் ஊதா. அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அந்தப் பூவை முழங்கால் வலியோடு அவர் பார்த்ததை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று வரிசையாக எழுதத்தான் நினைத்திருந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள், எவ்வளவு குறைத்தாலும். 100 பவுண்டுக்கு மேல் என்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். வழிகாட்டியிடம் ஹில் அண்ட் மூர்லேண்ட் லீடர் போன்ற தகுதி இருக்கிறதா என்று கேளுங்கள், நான் கேட்கவில்லை. வழிகாட்டி நேரில் வராமல் ஓர் அடிகூட எடுத்து வைக்காதீர்கள். நல்ல காலணியை நீங்களே போட்டுக்கொண்டு போங்கள். ஆபத்து என்றால் 999ஐ அழைத்து, போலீஸ், பிறகு மலை மீட்பு என்று கேளுங்கள்.

அப்பாவுக்கு வியாழக்கிழமை விமானம், சக்கர நாற்காலி கேட்டிருக்கிறோம். 412 பவுண்டு பற்றி வங்கி என்ன சொன்னாலும் இங்கேயே எழுதுகிறேன்.